ஒன்றும் தெரியாத ஆள் தேவை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் தங்கள் மகளும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் நலமாக இருப்பீர்கள், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பது இதோடு முடிந்தது. இதற்கு மேல் எழுதப்போவது எல்லாம் புழுவைப் பற்றித்தான். சாப்பாட்டுக்கு முன்னால் இதைக் கையில் எடுத்திருந்தால் மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்தபின் தொடரவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருப்பதையும், பள்ளி திறக்கும்வரை அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பதையும், தங்கள் மகள் "இந்தப் புழு மேய்க்கிற வேலையை" உதறிவிட்டு அங்கே வந்து சேர வேண்டும் என்பதையும், அதுவரை அவளோடு பேசுவதாக இல்லை என்பதையும் தெரிந்துகொண்டேன். "மாமனார் சொன்னால் கேட்பாள், தாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றும் எழுதியிருந்தீர்கள். பெரிய மனிதர் நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் தட்டிக் கழிக்கக் கூடாது. பக்குவமாக எடுத்துச் சொல்லத்தான் நானும் போனேன். போன இடத்தில் நடந்ததைச் சொல்லவே இந்தக் கடிதம். இதன் முடிவில் நான் தங்களுக்கு நன்றி சொல்லப்போகிறேன். எதற்கு நன்றி என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சியாகத்தான் இருந்தேன். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் செய்தது, கண்ணுக்குத் தெரிகிற புழுவையும் கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் ஒழிப்பது ஒன்றுதான். சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினேன், தண்ணீர்த் தொட்டியில் மருந்து ஊற்றினேன், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்து, விழுங்கிவிட்டார்களா, கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறார்களா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பவுடரிலும் பினாயிலிலும் என் மூக்கு செத்தே போய்விட்டது. இன்றைக்கு எனக்கு ரோஜாப்பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். இப்படிப்பட்டவன் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் புழுவை வளர்த்து, அதற்குக் கிருமியைச் சாப்பாடாகவும் போடுகிறாள் என்றால் என் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமான புதிதில், அவள் வேலை முடிந்து வந்ததும் கை கழுவுகிறாளா என்று சமையலறைப் பக்கம் நின்று நோட்டம் விட்டிருக்கிறேன். ஒரு நாள் அவளே திரும்பிப் பார்த்து, "ரெண்டு கையும் கழுவிட்டேன் மாமா. நாக்கையும் நீட்டணுமா?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் புத்தி சொல்ல முடியாது. தங்கள் மாப்பிள்ளை எந்தப் பேச்சிலும் பாதியில் நுழைந்து "என்னப்பா, என்ன விஷயம்?" என்பான். ஆகவே அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போனேன். ஆய்வுக்கூடம் என்று பெயர்தானே தவிர, பழைய அலுவலகங்களில் கோப்புகளைப் போட்டு வைப்பார்களே, அந்த அறை அளவுதான் இருக்கும். இரண்டு நீள மேஜை, ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவில் "சாப்பிடும் பொருள் எதையும் உள்ளே வைக்காதீர்கள்" என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே யாரோ பேனாவால் "மறுபடியும் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார்கள். நான் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு, "அம்மா, உன் அப்பா ஒரு கடிதம் போட்டிருக்கார்" என்று ஆரம்பிக்கலாமா, "வாத்தியார் வேலை எவ்வளவு மரியாதையான வேலை" என்று ஆரம்பிக்கலாமா என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாமா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. கண்ணை இங்க வையுங்க" என்றாள்.

வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். உள்ளங்கை அகலத் தட்டு, அதில் ஆடையாகப் படிந்த ஏதோ ஒன்று, அதன் மேல் ஒரு புழு. வெறும் கண்ணுக்கு அது தூசிதான். அந்தக் குழாய் வழியாகப் பார்த்தால் உடம்பு முழுக்கக் கண்ணாடி. தொண்டை துடித்துத் துடித்து விழுங்குவதும், விழுங்கியது குடலில் இறங்குவதும், வயிற்றுக்குள் முட்டைகள் வரிசையாக நிற்பதும் எல்லாம் வெளியிலிருந்தே தெரிகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நாக்கைப் பார்த்தவன் நான், ஒரு வயிற்றுக்குள்ளும் என்ன நடக்கிறதென்று பார்த்ததில்லை. பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

"இது யார் வயித்துலயும் இருக்கிற புழு இல்ல மாமா. மண்ணுல, அழுகின பழத்துல இருக்கும். யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாது" என்றாள். பிறகு எதற்கம்மா இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டேன். "நம்ம குடல்ல நூத்துக்கணக்கான விதத்துல கிருமி இருக்கு. அதுல எது நல்லது பண்ணுது, எது கெடுக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூட்டமான பஸ்ல யார் காலை மிதிச்சாங்கன்னு தேடற மாதிரிதான். இந்தப் புழுவுல பஸ்ஸையே காலி பண்ணிட்டு, ஒரே ஒரு ஆளை ஏத்திப் பார்க்கலாம்." எப்படிக் காலி செய்வாய் என்றேன். முட்டை சுமக்கும் புழுக்களை பிளீச்சில் போட்டுவிடுவார்களாம். தாய் கரைந்துபோகும், கிருமியும் போய்விடும், முட்டை மட்டும் ஓட்டுக்குள் பத்திரமாக இருந்து, ஒரு கிருமியும் இல்லாத குஞ்சாக வெளியே வருமாம். சம்பந்தி, பிளீச்சிங் பவுடரும் அதே சரக்குதானே. இத்தனை வருஷம் நான் தூவிய பவுடரில் எத்தனை முட்டைகள் பிழைத்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தனவோ.

இன்னொன்றும் சொன்னாள். இந்தப் புழுக்களில் பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் சேர்ந்த ஒரே ஆளாம், துணை தேட வேண்டியதே இல்லையாம். பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது எதுவும் கிடையாது. சம்பந்தி என்கிற உறவே அந்தக் குலத்தில் இல்லை. கடிதம் எழுதிச் சங்கடப்பட வேண்டிய தேவையும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அழுகிய ஆப்பிளில் பிடித்த ஒரு புழுவின் குடலிலிருந்து உங்கள் மகள் ஒரு கிருமியைப் பிரித்து எடுத்திருக்கிறாள். அது நல்ல கிருமி என்பது அவள் நம்பிக்கை. அதைச் சாப்பிட்டு வளரும் புழுவுக்குக் கெட்ட கிருமியைக் கொடுத்தாலும் சாகாமல் தாக்குப்பிடிக்கும் என்கிறாள். சும்மா வளர்ந்த புழுக்கள் ஒரு பக்கம், இதைச் சாப்பிட்ட புழுக்கள் ஒரு பக்கம், இரண்டுக்கும் கெட்ட கிருமியைக் கொடுத்து, தினமும் எந்தப் பக்கத்தில் எத்தனை செத்துப்போகின்றன என்று எண்ண வேண்டும். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் அவள் வேலையை நீட்டிப்பார்கள். தெரியாவிட்டால் இந்தப் பருவத்தோடு வேலை முடிந்தது, அப்புறம் உங்கள் பள்ளிக்கூடம்தான். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

இந்த எண்ணும் வேலைக்கு ஒரு விசித்திரமான தகுதி வேண்டும். எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தட்டுகளுக்கு வெறும் எண் மட்டும் போட்டு, எது எது என்ற விவரத்தை ஆய்வுக்கூடத் தலைவி ஓர் உறையில் வைத்து ஒட்டிவிடுவார்கள். எல்லோரும் அவரைப் பெரிய மேடம் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் உங்கள் மகளின் கிருமி இருக்கும் தட்டில் லேசாகப் புளித்த வாசனை வருமாம். அங்கே பழகிய மூக்குகளுக்கு மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கை தன்னால் கருணை காட்டும் என்பது பெரிய மேடத்தின் கவலை. உங்கள் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கு வாசனை தெரியாதுல்ல?" தெரியாது என்றேன். "இந்தப் புழு விஷயத்துலயும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது." தெரியாது என்றேன். "மேடம், இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்" என்றாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு உயர்வாகப் பேசியதில்லை. புத்தி சொல்ல வந்ததை மறந்து தலையாட்டிவிட்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் அவளோடு போய் அவளோடு திரும்பி வந்தேன். வேலை சுலபம்தான். மெல்லிய கம்பியால் புழுவைத் தொட வேண்டும். நெளிந்தால் உயிரோடு இருக்கிறது, நெளியாவிட்டால் போய்விட்டது. போனவை எத்தனை என்று எழுதி மூடி வைத்துவிட வேண்டும். தட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது பெரிய மேடம் போட்ட விதி. விதி என்றால் நான் உயிரைக் கொடுப்பேன் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சம்பந்தி, ஒன்றைக் கேட்கிறேன். ஒரு தட்டில் நல்ல திடகாத்திரமான புழுக்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று சோர்ந்து சுருண்டு கிடக்கின்றன. தொற்று வந்தவரை மற்றவர்களோடு ஒரே அறையில் போடலாமா? என் காலத்தில் அப்படிப் போட்ட விடுதிக் காப்பாளர்களை நான் உலுக்கி எடுத்திருக்கிறேன். முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் கை சும்மா இருக்கவில்லை. மேஜை ஓரத்தில் சாப்பாடு பூசித் தயாராக அடுக்கியிருந்த புதுத் தட்டுகளில் சிலவற்றை எடுத்து, மூடியில் "தனி வார்டு" என்று எழுதி, சுருண்டு கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் கம்பியால் அலுங்காமல் தூக்கி அதில் விட்டேன். பாதிக்கு மேல் மறுநாளே தேறி மேய ஆரம்பித்துவிட்டார்கள். யாரிடமாவது சொல்லிப் பெருமைப்பட வேண்டும்போல இருந்தது. ஆனால் தட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. வாயை மூடிக்கொண்டு என் ஆஸ்பத்திரியை நடத்தினேன்.

எண்ணி முடித்த அன்று பெரிய மேடம் உறையைப் பிரித்து, என் எண்களை வாங்கிப் பலகையில் இரண்டு கோடு போட்டார்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு நேராகப் போயின. எந்தப் பக்கத்திலும் ஏறக்குறைய இறப்பே இல்லை. வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஓர் அறிக்கை கொடுத்திருந்தால் எனக்குப் பதக்கமே கிடைத்திருக்கும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். உங்கள் மகளின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்பா சொன்னதுதான் சரி போல மாமா. நான் ஸ்கூல் வேலைக்கே போயிடறேன்" என்றாள்.

சம்பந்தி, எந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினீர்களோ, அந்த வார்த்தை தானாகவே வந்துவிட்டது. "சரிம்மா" என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் என் பொறுப்பு தீர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் எனக்கு அது முடியவில்லை. எப்படியாவது தேற்ற வேண்டும் என்று தோன்றியது. "எதுக்கும்மா கலங்கறே? மோசமா இருந்தவங்களை எல்லாம் நான் அப்பவே தனி வார்டுக்கு மாத்திட்டேன். அவங்களும் நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.

பெரிய மேடம் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்கள். உங்கள் மகள், "எந்த வார்டு மாமா?" என்று கேட்டாள். கூட்டிப் போய்க் காட்டினேன். மூடியில் என் கையெழுத்தைப் படித்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, கடைசியில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க மேல தப்பில்ல மாமா. என்ன செய்யணும்னு சொன்னேன், என்ன செய்யக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே."

மாதக்கணக்கில் உழைத்ததை ஒருவன் கெடுத்துவிட்டு அசடு வழிய நிற்கும்போது, அந்தப் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் குணம் படிப்பில் வருவதில்லை, வளர்ப்பில் வருவது. அதற்குத்தான் முதல் நன்றி.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வார்டுக்கு எடுத்த தட்டுகளில் பூசியிருந்தது உங்கள் மகளின் கிருமி. பெரிய மேடம் அவற்றை வெகுநேரம் குனிந்து பார்த்தார்கள். "நோய் வந்த பிறகு கொடுத்தாக்கூட குணமாகுதோ மேடம்?" என்று உங்கள் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அவசரப்படாதே. கெட்ட கிருமியை விட்டுத் தள்ளி வந்ததாலேயே தேறியிருக்கலாம். சாதாரணச் சாப்பாடு போட்ட தட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்கள். முதல் சோதனையை மறுபடி செய்து, இதையும் அதோடு சேர்த்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வேலையைப் பற்றி முடிவெடுப்பவர்களிடம் பெரிய மேடம் பேசித் தவணை வாங்கியிருக்கிறார்கள். இது ஒன்றுதான் தவணை, இன்னொன்று கிடையாது.

இரண்டாவது நன்றி எனக்கு மட்டும் சொந்தமானது. என் மனைவி போனபின் இந்த வீட்டில் என்னைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்பார்கள். குறை சொல்லவில்லை, அன்பாகத்தான் கேட்பார்கள். நான் எல்லாவற்றையும் கெடுத்த மறுநாள் காலையில், வெளியே வராமல் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்று, "மாமா, கிளம்பலையா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். இப்படி ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்தீர்களே சம்பந்தி, நான் உங்களுக்கு என்றைக்கும் கடமைப்பட்டவன்.

ஆகையால் தாங்கள் கொடுத்த பொறுப்பை என்னால் நிறைவேற்ற முடியவில்லை. மன்னிக்கவும். அந்த ஆசிரியர் இடத்தை வேறு நல்ல ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு வேண்டுகோள். இந்தச் சமயத்தில் தாங்கள் நேரில் புறப்பட்டு வந்துவிட வேண்டாம். தங்களைப் பார்த்தால் அவளுக்கு வேலை ஓடாது. எண்ணி முடியும்வரை அவளைத் தன் போக்கில் விட்டுவிடுவதே நாம் செய்யக்கூடிய உதவி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் இருவர் உடம்பும் மனமும் நன்றாக இருக்கட்டும், வீட்டில் எல்லோர் வயிறும் குளிர்ந்திருக்கட்டும். இந்த வாழ்த்தின் முழுப் பொருள் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். உடனே புறப்பட்டு வரவும்.

இதை எழுதி முடித்த பிறகு, இந்த முறை எண்ணுவதற்கு நான் ஆகமாட்டேன் என்று பெரிய மேடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு இப்போது ரொம்ப விஷயம் தெரிந்துவிட்டதாம். என் வாழ்க்கையில் யாரும் என் மேல் இப்படி ஒரு குற்றம் சாட்டியதில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது உங்கள் மகள், "எங்க அப்பாவைக் கூப்பிடலாம் மேடம். சைனஸ், ஒரு வாசனையும் தெரியாது. புழுவைப் பத்திப் பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவார், அதனால ஒண்ணும் தெரியவும் தெரியாது" என்றாள். ஆகவே தாங்கள் ஒன்றும் தெரியாமல் வர வேண்டியது அவசியம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம், உட்கார்ந்து உட்கார்ந்து எழுதியது, மனம் வரவில்லை. தவறிப்போய்ப் படித்துவிட்டால் அவளிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பெரிய மேடம் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க அப்பாதானே இந்த வேலையே வேண்டாம்கிறவர்? நீ தோத்தாத்தானே அவருக்குச் சந்தோஷம்?" என்று கேட்டார்கள்.

"ஆமா மேடம், நான் தோத்துட்டு வந்துடணும்னுதான் நினைப்பார்" என்றாள் உங்கள் மகள். "ஆனா உயிரோட இருக்கிற ஒண்ணைச் செத்துப்போச்சுன்னு எழுத மாட்டார். கணக்கு வாத்தியார். எனக்கே அரை மார்க் கூட்டிப் போட்டதும் இல்ல, குறைச்சதும் இல்ல. அவர் எண்ணிச் சொன்னா நான் நம்புவேன், எது வந்தாலும்."

சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த மேஜையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். என் அறையில் தங்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. கிளம்பி வாருங்கள்.